பாடசாலை கிடைக்கும்வரை வீட்டிலேயே படிப்பித்தோம்: எங்கெங்கே மாட்டினோம்

மகனுக்குத் தரம் 2இல் இடம் கிடைத்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். வளைகுடாவிலிருந்து வருடத்தின் நடுவில் ஊருக்குத் திரும்பும் குடும்பங்கள் அம்பாறைக் கரையோரத்தில் நிறைய. அக்கரைப்பற்று, நிந்தவூர், சாய்ந்தமருது, மருதமுனை என்று எந்த ஊரில் கேட்டாலும் இரண்டு மூன்று வீட்டைக் காட்டுவார்கள். "இடம் கிடைக்கும்வரை இன்டர்நெற்றைப் பார்த்து வீட்டிலேயே படிப்பியுங்க" என்பதுதான் எல்லோரும் தரும் ஆலோசனை. படிப்பிக்கலாம்தான். எங்கே மாட்டும் என்பதை மட்டும் ஒருவரும் சொல்வதில்லை.

முதலில் பத்திரக் கதை, ஏனென்றால் அதில் பட்ட எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. மகன் தோஹாவில் பிறந்தவன். கையில் கட்டார் பிறப்புச் சான்றிதழ் இருந்தது. அதிபர் நல்ல மனிதர். இடம் இருக்கிறது, அலுவலகத்தில் ஒரு கடிதம் மட்டும் எடுத்து வாருங்கள் என்றார். எந்த அலுவலகம் என்று இங்கே எழுதவில்லை, இளையவளுக்கும் அங்கேதான் போக வேண்டிவரும். மேசையில் இருந்தவர் சான்றிதழைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"இது சரிவராது தங்கச்சி. நம்மட நாட்டுப் பத்திரம் கொண்டு வாங்க."

"எந்தப் பத்திரம் சேர்?"

"அது நீங்கதான் விசாரிக்கணும்."

அவ்வளவுதான். வெயிலில் திரும்பி வந்தோம். அடுத்த முறை போனபோது வேறொருவர் இருந்தார். அவர் ஒரே வசனத்தில் சொல்லிவிட்டார். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்குக் குடியுரிமைச் சட்டத்தின் 5(2) பிரிவின் கீழ் பதிந்த பத்திரம் வேண்டும். அதை நாங்கள் தூதரகத்தின் மூலம் நேரத்துக்கே பதிந்திருந்தோம். ஆனால் பத்திரம் இருந்தது கப்பலில் போட்ட பெட்டிக்குள். பெட்டி கொழும்பில், கார்கோக்காரர் "இந்தக் கிழமை வரும்" என்று கிழமைக்குக் கிழமை சொல்லிக்கொண்டிருந்தார். திரும்பி வரப்போகிறவர்கள் இதை மட்டுமாவது கேளுங்கள்: பிள்ளைகளின் பத்திரம் எதையும் கார்கோவில் போடாதீர்கள், கைப்பையில் வையுங்கள். வெளிநாட்டில் பிள்ளை பிறந்து ஒரு வருடம் முடிய முன்னர் பதிந்துவிடுங்கள். பிந்தினால் அது தனிக் கதை.

பெட்டி வரும்வரை வீடுதான் வகுப்பறை. பாடப் புத்தகங்களைப் பற்றிக் கவலையில்லை. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் தமிழ், கணிதம், சுற்றாடல், இஸ்லாம் எல்லாம் தமிழிலேயே இலவசமாக இறக்கலாம். பயிற்சிக்குக் கல்வி அமைச்சின் இ-தக்சலாவ இணையத்தளம் இருக்கிறது. கதை வாசிக்க ஸ்டோரிவீவர்: படநூல்கள் தமிழில் படிநிலை வாரியாகக் கிடைக்கின்றன, பீடிஎஃப் ஆக இறக்கி வைக்கலாம், காசு கேட்பதில்லை.

தொல்லை தொடங்கியது வட்ஸ்அப்பில் வந்த பயிற்சித் தாள்களில். அன்போடு அனுப்பினார்கள், குறை சொல்லக் கூடாது. போனில் திறந்தால் தமிழே இல்லை. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஏதோ ஓடியது. எல்லாம் பாமினியில் தட்டியவை. பாமினி எழுத்துரு இல்லாத போனில் அது அப்படித்தான் தெரியும். அனுப்பும் ஆசிரியரிடம் "வேர்ட் வேண்டாம் டீச்சர், பீடிஎஃப் ஆக்கி அனுப்புங்க" என்று சொல்லிவிடுங்கள். கையில் வேர்ட் மட்டும்தான் இருக்கிறதென்றால், பாமினியை யூனிகோடாக மாற்றித் தரும் பக்கங்கள் இணையத்தில் உண்டு. வெட்டி ஒட்டினால் போதும், படங்கள் மட்டும் கழன்றுவிடும்.

முஸ்லிம் பிள்ளைகளுக்கென்று வெளிநாட்டுத் தாய்மார் செய்து போட்டிருக்கும் தாள்கள் அழகானவை. நபிமார் பெயர், வுழூ செய்யும் ஒழுங்கு, நோன்பு அட்டவணை, அரபு எழுத்து வரைதல் என்று எது வேண்டுமானாலும் கிடைக்கும். பெரும்பாலும் அமெரிக்காவில் செய்தவை, அங்குள்ள லெட்டர் தாள் அளவுக்கு. அது நம்முடைய ஏ4ஐவிட அகலம் கூடியது, உயரம் குறைந்தது. கொமியுனிகேஷன் கடையில் அப்படியே பிரின்ட் கொடுத்தால் ஓரம் வெட்டுப்படும். வலது ஓரத்தில்தான் அரபு தொடங்குகிறது என்பது அந்தத் தம்பிக்கு எங்கே தெரியும்? 'ஃபிட்' என்ற தெரிவைப் போடச் சொல்லுங்கள், சரியாகிவிடும். கணக்குத் தாளில் சென்ட், குவாட்டர் என்று வரும் பக்கங்களை விட்டுவிட்டு நம்முடைய சில்லறையைக் கொட்டி எண்ண வைத்தேன்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. சிறிய சூறாக்களை வேர்ட் ஃபைலில் போட்டு ஒருவர் அனுப்பியிருந்தார். கடையில் பழைய கொம்பியூட்டர். பிரின்ட் வந்ததும் பார்த்தால் அரபு எழுத்தெல்லாம் தனித்தனியாகப் பிரிந்து, வரிசையும் திரும்பிப் போயிருந்தது. பணத்தைக் கொடுத்து வாங்கியாயிற்று. படிப்பிக்கவும் முடியாது, குப்பையில் போடவும் முடியாது, ஆயத்தின் எழுத்தல்லவா. மாமி அதையெல்லாம் ஒரு பையில் சேர்த்து அலுமாரிக்கு மேல் வைத்திருக்கிறார். அரபு உள்ள எதையும் பீடிஎஃப் ஆக மட்டுமே கடைக்குக் கொண்டுபோங்கள். முதலில் ஒரு பக்கத்தை எடுத்துப் பார்த்துவிட்டு மிச்சத்தைச் சொல்லுங்கள்.

இனி குர்ஆன் ஓதல். தோஹாவில் தொடங்கிய ஓதல் விடுபடக் கூடாதென்று ஒன்லைன் வகுப்பொன்றில் சேர்த்தோம். உஸ்தாத் எகிப்துக்காரர், பொறுமையானவர், மக்ரஜ், அதாவது எழுத்து பிறக்கும் இடத்தின் உச்சரிப்பு, திருத்துவதில் கெட்டிக்காரர். அவர் மேல் ஒரு குறையும் இல்லை. நடத்துகிற நிறுவனத்தோடுதான் மல்லுக்கட்டு. மாதக் காசு டொலரில், முன்கூட்டியே. வங்கி அட்டையில் வெளிநாட்டு இணையக் கொடுப்பனவைத் திறந்துவிடும்படி வங்கிக்குத் தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது. சரி, அதுவும் செய்தோம். அஸருக்குப் பிறகு 4.30க்கு வகுப்பு, ஒழுங்காகப் போனது. ஏப்ரல் கடைசியில் ஒருநாள் 4.30க்குத் திறந்தால் யாரும் இல்லை. உஸ்தாத் 3.30க்கே வந்து காத்திருந்து போய்விட்டாராம்.

எகிப்து 2023இலிருந்து மறுபடியும் கோடைகாலத்தில் மணியை மாற்றுகிறது. ஏப்ரலின் கடைசி வெள்ளியில் ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளி, ஒக்டோபர் கடைசியில் திரும்ப எடுக்கிறார்கள். நமக்கும் கெய்ரோவுக்கும் மூன்றரை மணித்தியாலமாக இருந்த வித்தியாசம் இரண்டரை ஆகிவிட்டது. இதை நிறுவனம் ஒரு செய்தியில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்கு மேல், நாங்கள் வரவில்லை என்று பதிந்து அந்த வகுப்பின் காசையும் கழித்துக்கொண்டது. வட்ஸ்அப்பில் விடாமல் கேட்டு, அந்த வகுப்பைத் திரும்ப வாங்கினேன். வாங்கிய அன்று வீட்டில் எல்லோருக்கும் வட்டிலப்பம். எகிப்து, இங்கிலாந்து, அமெரிக்கா என்று எங்கிருந்து உஸ்தாத் வந்தாலும், "இலங்கை நேரப்படி மணி மாறாது" என்று முதல் நாளே எழுத்தில் வாங்கிவையுங்கள்.

அந்த இடைவெளியில் மகனைத் தெரு மத்ரஸாவுக்கும் அனுப்பிப் பார்ப்போம் என்று மஃரிபுக்குப் பிறகு கொண்டுபோய் விட்டேன். மௌலவி குர்ஆனைத் திறந்து வைத்தார். பிள்ளை தடுமாறுகிறான். வீட்டில் சரளமாக ஓதுகிறவன்! பக்கத்தில் இருந்த பிள்ளைகள் சிரித்தார்கள், அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

காரணம் அச்சு. தோஹாவிலும் திரையிலும் அவன் பார்த்தது மதீனா முஸ்ஹஃப், அதாவது மதீனாவில் அச்சிடும் குர்ஆன் பிரதி. எங்கள் தெரு மத்ரஸாவில் இருப்பது இந்திய அச்சு. ஓதல் ஒன்றுதான், குறிகள் வேறு. மதீனா அச்சில் சேர்த்து ஓதும் அலிஃபின் தலையில் ஸாத் என்ற எழுத்து சின்னதாக இருக்கும். இந்திய அச்சில் அலிஃப் மொட்டையாக நிற்கும். 'ஃபீ' என்று நீட்டும் இடத்தில் மதீனா அச்சின் 'யா' எழுத்தில் குறி ஒன்றும் இராது. இந்திய அச்சில் ஸுகூன் (உயிரொலி இல்லை என்று காட்டும் குறி) போட்டிருக்கும், அந்த ஸுகூனின் வடிவமே வேறு. நிறுத்தல் குறிகளும் இந்திய அச்சில் கூடுதல். பெரியவர்களுக்கு இது கண்ணில் படாது. எழுத்துக் கூட்டும் பிள்ளைக்கு ஒவ்வொன்றும் ஒரு கேள்வி.

"உம்மா, இந்த அலிஃபுக்கு ஏன் தொப்பி இல்ல?" என்றான் வழியில்.

மௌலவியிடம் மறுநாள் விளக்கியதும் உடனே புரிந்துகொண்டார். ஹஜ்ஜுக்குப் போனவர்கள் கொண்டுவந்த மதீனா பிரதிகள் பள்ளிவாசல் அலுமாரியில் கிடந்தன. ஒன்றை எடுத்துக் கொடுத்து, இரண்டையும் பக்கத்தில் வைத்து ஓத விட்டார். வீட்டில் குர்ஆன்.கொம் தளத்தின் அமைப்புகளில் எழுத்தை இந்தோபாக் (இந்திய அச்சின் எழுத்து) என்று மாற்றினேன். அந்தத் தெரிவு அங்கே இருப்பது பலருக்குத் தெரியாது. பிள்ளையைச் சேர்க்கப்போகும் மத்ரஸாவில் எந்த அச்சு என்று பார்த்துவிட்டு, அதே அச்சில் இணையத்தில் தொடங்குங்கள். குறிகளின் பெயரும் அப்படித்தான். அ, இ, உ ஒலிக் குறிகளை ஒரு வீடியோவில் ஃபத்ஹா, கஸ்ரா, ளம்மா என்பார்கள், அடுத்ததில் அவற்றையே ஸபர், ஸேர், பேஷ். ஒன்றைப் பிடித்தால் அதையே பிடியுங்கள்.

தொழுகை வீடியோவாலும் வீட்டில் ஒரு சின்னச் சண்டை. பிள்ளைகளுக்கான ஆங்கில வீடியோக்களில் பல ஹனஃபி மத்ஹபின் (மார்க்கச் சட்டப் பிரிவின்) முறையில் செய்யப்பட்டவை. மகன் அதைப் பார்த்துவிட்டு, சுபஹுத் தொழுகையில் மாமி குனூத் என்ற துஆவை ஓதுவது பிழை என்று அவரிடமே சொல்லிவிட்டான். மாமியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! எங்கள் ஷாஃபி மத்ஹபில் சுபஹில் குனூத் உண்டு, அவர் எழுபது வயது வரை ஓதி வந்தது. தொழுகையைத் திரையில் காட்டுவதை அன்றோடு நிறுத்தினேன். மாமிக்குப் பக்கத்தில் முஸல்லாவை விரித்து விட்டேன், வேலை முடிந்தது.

இளையவளுக்கு நான்கு வயது. அவளுக்கு அலிஃப், பா பாட்டு வீடியோ போட்டால் நடுவில் சூதாட்ட விளம்பரம் வருகிறது. இசை இல்லாத, குரல் மட்டும் உள்ள வீடியோக்களைத் தேடி எடுத்தாலும் விளம்பரத்துக்கு இசை இருக்கிறதே. டேட்டாவும் கரைகிறது. கடைசியில் ஓதல் ஒலிப்பதிவுகளைப் பென்டிரைவில் போட்டு, டீவியில் செருகினோம். பெயர்பெற்ற குர்ஆன் ஓதுநர் மின்ஷாவியின் கற்பித்தல் ஓதலில் அவர் ஓதியதும் சிறுவர்கள் திருப்பிச் சொல்வார்கள். அவள் விளையாடிக்கொண்டே கூடச் சொல்கிறாள், நான் கூப்பிட்டு உட்கார வைப்பதில்லை. இன்னொரு ஓதுநர் ஹுஸரியின் முஅல்லிம் (கற்பித்தல்) ஓதல் மூத்தவனுக்கு. ஒவ்வொரு எழுத்தும் நின்று கேட்கும்.

பெட்டி ஒருவழியாக வந்தது, பத்திரமும் கிடைத்தது, கடிதமும் தந்தார்கள். "இவ்வளவு நாளும் பிள்ளை சும்மாதானே இருந்திருக்கும்?" என்றார் மேசைக்காரர். பாடசாலையில் பகுதித் தலைவி டீச்சர் தரம் 2 தமிழ்ப் புத்தகத்தை நடுவில் திறந்து வாசிக்கச் சொன்னார், நிறுத்தாமல் வாசித்தான். கணக்கில் மட்டும் "கூட்டினால்" என்றபோது விழித்தான், "ப்ளஸ்" என்றதும் செய்தான். ஆங்கில ஆப்பில் கணக்குப் படிக்கும் பிள்ளைகளுக்குக் கூட்டல், கழித்தல், சமன் என்று தமிழிலும் சொல்லிப் பழக்குங்கள். டீச்சர் அதைப் பெரிதுபடுத்தவில்லை. வரும் திங்கள் சீருடையோடு வரச் சொன்னார். தையற்காரர்தான் இன்னும் காற்சட்டையைத் தரவில்லை.