ஐந்து நிமிடம்

போன மாதம் ஒரு நைட் ட்யூட்டி. வார்டில் 52 பேர், நானும் இன்னொரு சிஸ்டரும். விடியற்காலை நாலு மணிக்கு ஒரு பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, "கண்ணு, சித்த நேரம் உக்காரேன்" என்றார். டிரிப்ஸ் தீர்ந்து இரண்டு பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "இதோ வரேம்மா" என்று நகர்ந்தேன். திரும்பிப் போகவே முடியவில்லை.

நர்ஸ்கள் சம்பளத்துக்காகத்தான் வெளிநாடு ஓடுகிறார்கள் என்பார்கள். சம்பளமும்தான், இல்லை என்று சொல்லவில்லை. நான் தனியார் மருத்துவமனையில் இருக்கிறேன். அரசு வேலையே மேல் என்று அறிவுரை வரும். 2017 நவம்பரில் சென்னையில் ஒப்பந்த நர்ஸ்கள் போராடியபோது அவர்களுடைய தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். என் வீட்டு வாடகைக்கே சரியாக இருக்கும்.

சரி, இப்போது அயர்லாந்து போக ஓஇடி என்ற, மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வுக்குப் படிக்கிறேன். அதன் பேச்சுத் தேர்வில் நோயாளியாக நடிக்கும் ஒருவரிடம் சுமார் ஐந்து நிமிடம் பேச வேண்டும். அவசரப்படாமல் கேட்க வேண்டும், இடைமறிக்கக் கூடாது, அவர் பயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். எல்லாவற்றுக்கும் மதிப்பெண் உண்டு. பயிற்சியில் எனக்கு நன்றாகவே வருகிறது. கண்ணாடி முன்னால் நின்று பேசும்போதெல்லாம் அந்தப் பாட்டி முகம்தான் வருகிறது.

ராஜினாமாக் கடிதம் இன்னும் கைப்பையில்தான் இருக்கிறது, டிபன் பாக்ஸுக்கு அடியில். ஓரத்தில் சாம்பார்க் கறை வேறு.