நிறத்தால் ஏமாற்றும் பரோலோ

பரோலோ என்னும் சிவப்பு ஒயினைப் பற்றிய புகழ்மொழிகளை மட்டுமே படித்திருந்த எனக்கு, அது முதன்முறையாகக் கோப்பையில் ஊற்றப்பட்டபோது வேறு ஏதோ புட்டியைத் திறந்துவிட்டார்கள் என்றே தோன்றியது. "ஒயின்களின் அரசன், அரசர்களின் ஒயின்" என்று இத்தாலியின் பியெமோன்டே மாநிலத்தில் கொண்டாடப்படும் மது, கோப்பைக்குப் பின்னால் இருந்த விரல்கள் தெரியும் அளவுக்கு வெளிறி, விளிம்பில் செங்கல் நிறம் காட்டியது. ஒரு மிடறு பருகியதும் ஐயம் தீர்ந்தது: நாக்கையும் ஈறுகளையும் ஒருசேர இழுத்துப் பிடிக்கும் துவர்ப்பும், அதற்குச் சற்றும் குறையாத புளிப்பும், ரோஜாவும் தாரும் கலந்த அந்தப் பேர்போன மணமும் அதில் இருந்தன.

இத்தனைக்கும் காரணம் நெப்பியோலோ என்னும் ஒரே திராட்சை வகை. வேறெதையும் கலக்கச் சட்டம் இடம் தருவதில்லை. சீக்கிரமே துளிர்த்து, அக்டோபர் மூடுபனியில்தான் முழுமையாகப் பழுக்கும் இந்தக் கொடிக்கு, மூடுபனியைக் குறிக்கும் 'நெப்பியா' என்ற சொல்லிலிருந்தே பெயர் வந்ததாகச் சொல்வார்கள். பரோலோ விளையும் 11 ஊர்களுக்குள்ளேயே சுவை மாறுகிறது. மேற்கே லா மோர்ராவின் ஒயின் மணமிக்கதாகவும் மென்மையாகவும் இருக்க, கிழக்கே செர்ரலுங்காவின் ஒயின் இறுக்கமாகவும் பல்லாண்டுகள் தாங்குவதாகவும் இருக்கிறது. அறுவடை ஆண்டின் நவம்பர் 1 முதல் குறைந்தது 38 மாதங்கள், அவற்றில் 18 மாதங்கள் மரப் பீப்பாயில், முதிர்ந்த பின்னரே எதுவும் விற்பனைக்கு வரும். ரிசெர்வா எனப்படும், கூடுதலாக முதிரவைக்கும் வகை என்றால் 62 மாதங்கள்.

இந்தக் காத்திருப்பே ஒரு காலத்தில் சண்டைக்குக் காரணமாயிற்று. திராட்சைத் தோலைப் பல வாரங்கள் சாற்றில் ஊறவிட்டு, ஸ்லவோனிய ஓக் மரத்தால் செய்த பெரும் பீப்பாய்களில் வருடக்கணக்கில் வைத்திருப்பது பழைய முறை. அப்படிச் செய்த ஒயின் இளமையில் வாயில் வைக்க முடியாத அளவுக்குக் கடுமையாக இருந்தது. பிரான்சின் ஒயின் பகுதியான பர்கண்டிக்குச் சென்று பார்த்துத் திரும்பிய பரோலோ தயாரிப்பாளர் எலியோ அல்தாரே, 1983-இல் தன் தந்தையின் பழைய பீப்பாய்களை இயந்திர வாளால் அறுத்துத் தள்ளினார். அவரும் அவரைப் பின்பற்றியோரும் ஊறவைக்கும் காலத்தைச் சில நாட்களாகச் சுருக்கி, 'பாரிக்' எனப்படும் 225 லிட்டர் புது ஓக் பீப்பாய்களைக் கொண்டுவந்தனர். மறுபுறம், பழைய முறையைக் கைவிடாத தயாரிப்பாளர் பர்த்தோலோ மஸ்கரெல்லோ தன் கையால் வரைந்த புட்டிச் சீட்டில் "பாரிக் வேண்டாம், பெர்லுஸ்கோனி வேண்டாம்" என்று எழுதி (பெர்லுஸ்கோனி இத்தாலியின் பிரதமராக இருந்த அரசியல்வாதி), மதுக் கலையையும் அரசியலையும் ஒரே வரியில் தீர்த்துவைத்தார். (அந்தச் சீட்டுக்காகவே புட்டி சேர்ப்பவர்கள் உண்டு.)

என் சாய்வு மஸ்கரெல்லோவின் பக்கம்தான். புதிய ஓக்கின் வனிலா மணம் ரோஜா மணத்தை மூடிவிடுமானால், அந்தத் திராட்சையைப் பாடுபட்டு வளர்ப்பதில் பொருளில்லை. ஆயினும், அறுத்தவர்கள் கிளப்பிய பரபரப்பு இல்லாவிட்டால் பரோலோவின் பெயர் கடல் கடந்து இவ்வளவு விரைவாகப் பரவியிருக்காது என்பதை மறுக்க மாட்டேன். இன்று பலர் பெரும் பீப்பாய்களுக்கே திரும்பிவிட்டார்கள்.

அன்று நான் பாதியில் மூடிவைத்த புட்டியை மறுநாள் மாலை மீண்டும் திறந்தேன். துவர்ப்பு அடங்கி, ரோஜா முன்னே வந்திருந்தது. நிறம் மட்டும் அதே வெளிறலாகவே இருந்தது.