"ஏதாவது ஒன்று மட்டும்": ஒரு பிஎச்டி படிவமும் பதினான்கு மாதமும்

போன வாரம் பிஎச்டி வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு, முடிந்தது. நிம்மதியாக இருக்கிறது. ஆனாலும் இதை எழுத உட்கார்ந்ததும் முதலில் கண்ணில் நிற்பது பல்கலைக்கழகத்தில் கொடுத்த அந்தப் படிவம்தான். "ஆய்வு முறை" என்று ஒரு வரி, எதிரே இரண்டு கட்டம்: அளவுசார் (எண்ணிக்கையை வைத்துச் செய்வது), பண்புசார் (நேர்காணல் போன்றவற்றை வைத்துச் செய்வது). நான் இரண்டிலும் டிக் போட்டிருந்தேன். திரும்பி வந்தபோது இரண்டையும் சேர்த்துச் சிவப்பு மையில் ஒரு வட்டம், பக்கத்தில் "ஏதாவது ஒன்று மட்டும்" என்று எழுத்து. அதைத் தாண்டி வர எனக்குப் பதினான்கு மாதம் ஆனது. மேலாண்மைத் துறையில் பகுதி நேரமாக ஆராய்ச்சி செய்துகொண்டு, வேலைக்கும் போய்க்கொண்டு அலைகிற யாருக்காவது உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

பதிவு, கோர்ஸ்வொர்க், தேர்வு எல்லாம் பிரச்சினை இல்லாமல் முடிந்தன. கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டம் வட்டாரத்தில் தேனீ வளர்ப்பவர்களுக்குக் கூட்டுறவுச் சங்கத்தின் மேல் எவ்வளவு பற்று இருக்கிறது என்பதுதான் தலைப்பு. கேள்விப் படிவத்தில் 14-வது கேள்வி இப்படி இருந்தது: "உங்கள் தேனை யாருக்கு விற்கிறீர்கள்? சங்கத்துக்கா, தனியார் வியாபாரிக்கா?" சங்கம் என்றால் 1, வியாபாரி என்றால் 0. நான் படித்த பாடமும் பார்த்த மாதிரிப் படிவங்களும் அப்படித்தான் இருந்தன.

குலசேகரம் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். மாசி மாதம். ரப்பர் தேன் பூவிலிருந்து கிடைப்பதில்லை. இலை உதிர்ந்து புதுத் தளிர் விடும்போது, மூன்று சிற்றிலையும் காம்போடு சேருகிற இடத்தில் சுரக்கிற நீரைத்தான் ஈக்கள் எடுக்கும். இரண்டு மூன்று மாதம் கிடைக்கிற இந்தத் தேன்தான் ஒரு வருட வருமானம். அங்கே பெட்டி வைத்திருந்த பெரியவர் ஒருவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். 14-வது கேள்வியை வாசித்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"மக்களே, பெட்டி வாங்க முன்பணம் தந்தவனுக்கு முதல் எடுப்புத் தேன். அது அவனுக்கு உள்ளது. அதுக்கப்புறம் எடுக்கது சங்கத்துக்கு. 92-ல சீக்கு வந்து பெட்டி பெட்டியா ஈ செத்தப்போ ஒரு வியாபாரியும் எட்டிப் பாக்கல்ல. ரெண்டும் வேணும். இதுல நான் எதுல டிக் போட?"

1991-92-ல் வந்த அந்த வைரஸ் நோய் தென்னிந்தியா முழுக்கத் தேனீக் குடும்பங்களை அழித்தது. அதை அனுபவித்தவர் சொல்வதைக் கேட்டுவிட்டும் நான் என்ன செய்தேன் தெரியுமா? இரண்டிலும் டிக் போட்டவர்களை எல்லாம் "செல்லாத பதில்" என்று எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளில் நீக்கினேன். பாதிக்கு மேல் போய்விட்டது. அதை நினைத்தால் இப்போதும் மனசு உறுத்துகிறது. என் கைடு மேடம் அட்டவணையைப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார்: "வெளியே தள்ளினவங்க படிவத்தை மட்டும் தனியா எடுத்து வச்சுப் படிங்க."

படித்தேன். அங்கேதான் ஆய்வு திரும்பியது.

நிர்வாகவியலில் இந்த விஷயம் புதிதே இல்லை. பூல், வான் டி வென் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1989-லேயே, முரண்படும் இரண்டை எப்படிக் கையாளலாம் என்று நான்கு வழி சொன்னார்கள்: முரணை முரணாகவே ஏற்றுக்கொண்டு அதிலிருந்து கற்பது, இடத்தால் பிரிப்பது, காலத்தால் பிரிப்பது, இரண்டையும் அடக்குகிற புதுக் கருத்தைக் கண்டுபிடிப்பது. முதல் எடுப்பு வியாபாரிக்கு, அடுத்தது சங்கத்துக்கு என்று மாமா செய்தது காலத்தால் பிரிப்பது. இன்னொருவர் வீட்டுத் தோப்புப் பெட்டித் தேனைச் சங்கத்துக்கும், எஸ்டேட்டில் கொண்டு வைத்த பெட்டித் தேனை வியாபாரிக்கும் கொடுத்தார். அது இடத்தால் பிரிப்பது. இதை வாசித்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. நான் குப்பை என்று ஒதுக்கிய படிவங்களில் இதெல்லாம் முன்பே இருந்திருக்கிறது.

சரி, ஆய்வை மேற்பார்க்கிற டாக்டரல் கமிட்டிக்கு வருவோம். முதல் கூட்டத்தில் நான் சரியாக அடிபட்டேன். ஒரு உறுப்பினர், வணிக உத்தி பற்றி எழுதிய போர்ட்டரைக் காட்டி, "போர்ட்டர் 1980-லேயே சொல்லியிருக்கார், ரெண்டையும் பிடிக்கப் போறவன் நடுவுல மாட்டிக்குவான்னு. நீங்க அதையே நல்லதுன்னு சொல்றீங்க?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. இன்னொருவர், "எண்ணிக்கை வேணுமா, கதை வேணுமா? முடிவு பண்ணிட்டு வாங்க" என்று முடித்துவிட்டார்.

அடுத்த கூட்டத்துக்கு ஆறு மாதம் காத்திருந்தேன். இந்தத் தடவை முதல் கேள்விக்கு ஜேம்ஸ் மார்ச் என்ற அறிஞர் 1991-இல் எழுதிய கட்டுரையை எடுத்துப் போனேன். புதியதைத் தேடுவது, தெரிந்ததைப் பயன்படுத்துவது இரண்டும் ஒரே வளத்துக்குப் போட்டி போட்டாலும் ஒன்றை விட்டால் நிறுவனம் நிலைக்காது என்பது அவர் வாதம். டஷ்மன், ஓ'ரைலி 1996-இல் அதை இரு கைப் பழக்கம் என்று வளர்த்தெடுத்தார்கள். இரண்டாவது கேள்விக்கு ஜிக் 1979-இல் எழுதிய கட்டுரை. எண்ணிக்கை முறையையும் நேர்காணலையும் சேர்த்துப் பயன்படுத்துவது பற்றி அவர் அப்போதே எழுதிவிட்டார்.

ஆனால் கமிட்டி மனம் மாறியது இந்தப் பெயர்களால் இல்லை. ஒரே பக்கத்தில் நான் போட்டிருந்த படத்தால்தான். முதலில் சர்வே. அதில் இரண்டு பக்கமும் விற்கிறவர்கள் யார் என்று தெரியும். பிறகு அவர்களில் சிலரிடம் நேர்காணல், ஏன், எப்போது, எப்படி என்று கேட்க. எந்தக் கேள்விக்கு எந்த முறை பதில் தருகிறது என்பது படத்திலேயே இருந்தது. தயவுசெய்து "இரண்டு முறையும் நல்லது, அதனால் இரண்டையும் எடுத்தேன்" என்று மட்டும் போய்ச் சொல்லாதீர்கள். அது நிற்காது. நிற்கக் கூடாது.

போர்ட்டரை எடுத்த அதே உறுப்பினர் கடைசியில் கேட்டார்: "எப்போ ரெண்டும் சேராது?" என் ஆய்வுக்குக் கிடைத்த மிக நல்ல கேள்வி இதுதான். ஸ்மித், லூயிஸ் 2011-இல் சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது: உள்ளே அடங்கிக் கிடக்கிற இழுபறி, பற்றாக்குறை வரும்போது வெளியே தெரியும். மழை தவறிய நேரத்தில் பெய்து தேன் குறைந்த வருடத்தில், முன்பணத்துக்கே தேன் பற்றாது. அப்போது சங்கமா, வியாபாரியா என்ற கேள்வி நிஜமாகவே வருகிறது. அதற்கென்று தனி அத்தியாயம் எழுதினேன். இரண்டில் ஒன்று என்ற நிலை வாழ்க்கையில் உண்டுதான். அதை நான் படிவத்திலேயே முன்கூட்டி முடிவு செய்ததுதான் தப்பு.

14-வது கேள்வியையும் மாற்றினேன். "பத்துக் கிலோ எடுத்தால் யாருக்கு எத்தனை கிலோ, எந்த மாதம்?" என்று கேட்டோம். பற்றை அளக்க ஒரே கோடு போட்டு, ஒரு முனையில் சங்கம், மறுமுனையில் வியாபாரி என்று வைக்காதீர்கள். ஒன்று கூடினால் மற்றது குறையும் என்று நீங்களே தீர்மானித்துவிட்டதாக ஆகிவிடும். இருவருக்கும் தனித்தனி அளவுகோல் வையுங்கள். இரண்டும் சேர்ந்து கூடுகிறதா, எதிரெதிராகப் போகிறதா என்பதைத் தரவு சொல்லட்டும்.

இனி பல்கலைக்கழக ஆபீஸ். நான்கு தடவை போனேன். மார்த்தாண்டத்தில் விடிகாலைப் பஸ், ஆரல்வாய்மொழி தாண்டும்போதுதான் வெளிச்சமே வரும், காற்றாலைகள் தெரியும். ஒவ்வொரு தடவையும் கல்லூரியில் ஒரு நாள் சம்பளம் பிடிப்பு. முதல் தடவை சிவப்பு வட்டம். இரண்டாவது தடவை, கமிட்டி மினிட்ஸ் (கூட்டக் குறிப்பு) நகல் செல்லாது, ஒரிஜினல் வேண்டும். ஒரிஜினலோடு மூன்றாவது தடவை போனால் அந்த செக்ஷன் கிளார்க் லீவு, பீரோ சாவி அவரிடம். பக்கத்து மேஜைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அன்று திரும்பி வரும்போது பஸ்ஸில் அழுதேன்.

யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) வெளியிட்ட 2022 பிஎச்டி விதிமுறையை முழுக்க வாசித்தேன். ஆய்வு முறையில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்று அதில் எங்கேயும் இல்லை. அதை அச்செடுத்துக் கொண்டுபோய்க் கவுண்டரில் வாதாடினேன், பலனில்லை. வேலை நடந்தது மினிட்ஸில் இருந்த ஒரு வாக்கியத்தால்: "அளவுசார் ஆய்வும் அதைத் தொடர்ந்து பண்புசார் ஆய்வும்; குழு ஒப்புதல் அளித்தது." கூட்டம் முடிந்து எல்லாரும் டீ குடிக்கக் கிளம்புமுன் அந்த வாக்கியத்தை எழுதி வாங்கிவிடுங்கள், தேதியோடு. கிளார்க் அதைப் பார்த்தார், இரண்டு கட்டத்துக்கும் நடுவில் மினிட்ஸ் தேதியை எழுதினார், சீல் வைத்தார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

இன்னொன்று. அதிகபட்சம் ஆறு வருடம் என்பதில் கோர்ஸ்வொர்க்கும் அடங்கும், இப்படி அலைகிற மாதங்களும் அதில்தான் கழியும். தலைப்பு மாற வாய்ப்பு இருந்தால் இரண்டாவது வருடமே மாற்றிவிடுங்கள்.

பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்க்கிற ஒப்புமைச் சோதனை 10 சதவீதத்துக்குள் வந்தது, சமர்ப்பித்தேன். வைவாவில் வெளித்தேர்வாளர் பழைய 14-வது கேள்வியையும் புதியதையும் அடுத்தடுத்து வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். அறையில் யாரும் மேற்கொண்டு முறை பற்றிக் கேட்கவில்லை.

சான்றிதழுக்கான விண்ணப்பம் நேற்று கைக்கு வந்தது. அதிலும் ஆய்வு முறைக்கு இரண்டு கட்டம்தான் இருக்கிறது. மினிட்ஸ் நகலை இப்போதே பின்னால் பின் அடித்துவிட்டேன். ஒரிஜினல் தனி ஃபைலில் பையில் இருக்கிறது.