குதிகாலில் எடுக்கும் நாலைந்து சொட்டு ரத்தம்

பிறந்த குழந்தைக்கு ஸ்க்ரீனிங் (அறிகுறி தெரியும் முன்பே சில பிறவி நோய்களைக் கண்டுபிடிக்கும் டெஸ்ட்) வேண்டாம் என்று மறுக்கும் தாய்மார்கள் குறைவு. குதிகாலில் எதற்குக் குத்தினார்கள் என்றே தெரியாமல் வீடு திரும்புகிறவர்கள்தான் அதிகம். கேட்டால் ரத்த வகை பார்த்தார்கள் என்பார்கள், மஞ்சள் காமாலை டெஸ்ட் என்பார்கள், தடுப்பூசி என்பவர்களும் உண்டு. இதற்கு அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. பிரசவ வலியில் இருப்பவரிடம் படிவத்தை நீட்டிக் கையெழுத்து வாங்குவதும், பெற்ற மறுநாள் தூக்கக் கலக்கத்தில் இருப்பவரிடம் நோய்களின் பெயரை ஒப்பிப்பதும் விளக்கம் ஆகாது. ஏழாம் மாதத்துக்குப் பிறகு வரும் ஏதாவது ஒரு செக்கப்பில், வீட்டில் முடிவெடுக்கிற இன்னொருவரையும் கூட உட்காரவைத்துப் பத்து நிமிடம் பேசினால் போதும்.

பேச ஆரம்பித்ததும் வரும் முதல் கேள்வி, "ஸ்கேன் எல்லாம் நார்மல்தானே? குழந்தையும் நல்லாத்தானே இருக்கு?" நியாயமான கேள்விதான். ஸ்கேனில் உறுப்புகளின் அமைப்பு தெரியும். உடலில் ரசாயன மாற்றங்களை நடத்தும் ஓர் என்சைம் வேலை செய்கிறதா என்பது தெரியாது. கருவில் இருக்கும்வரை குழந்தையின் குறையைத் தாயின் உடலே ஈடுகட்டிவிடுகிறது. தைராய்டு சுரப்பி சரியாக உருவாகாத குழந்தைக்குத் தாயின் ஹார்மோன் நஞ்சுக்கொடி வழியாக ஓரளவு போய்ச் சேரும். பி.கே.யு. என்பது புரதத்தில் உள்ள ஃபீனைல்அலனின் என்ற பொருளை உடைக்க முடியாத பிறவி நோய். அது உள்ள குழந்தையின் ரத்தத்தில் சேரும் ஃபீனைல்அலனினைத் தாயின் உடல் வெளியேற்றிவிடும். அதனால் இந்தக் குழந்தைகள் பிறக்கும்போது எடையிலும் அழுகையிலும் எந்த வித்தியாசமும் இல்லாமல்தான் இருப்பார்கள். தைராய்டு குறைபாட்டில் மந்தம், மலச்சிக்கல், நாக்குத் தடிப்பு எல்லாம் கண்ணில் படுவதற்கு வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும். மூளை அதுவரை காத்திருக்காது, ஹார்மோன் இல்லாமல் அதன் வளர்ச்சி பாதிக்கப்படும். இது அரிய நோயும் அல்ல, சுமார் 2000 முதல் 4000 குழந்தைகளில் ஒன்றுக்கு வருகிறது.

அடுத்தது, "எங்க குடும்பத்துல யாருக்கும் இது கிடையாது." பி.கே.யு. போன்ற வளர்சிதை மாற்றக் குறைபாடுகளில் (உடல் உணவைப் பயன்படுத்தும் விதத்தில் வரும் கோளாறுகள்) பெரும்பாலானவற்றில் தாய், தந்தை இருவருமே ஆளுக்கு ஒரு பழுதான மரபணுவைச் சுமந்துகொண்டு, எந்தத் தொல்லையும் இல்லாமல் வாழ்கிறவர்கள். இரண்டு பழுதும் ஒரே குழந்தையிடம் சேர்வதற்கான வாய்ப்பு ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒன்று. தலைமுறை தலைமுறையாக யாருக்கும் வராமல் இருந்து திடீரென்று வருவது அதனால்தான். பிறவித் தைராய்டு குறைபாடோ பெரும்பாலும் பரம்பரையே இல்லை. இதைச் சொல்லும்போது தந்தையும் மாமியாரும் பக்கத்தில் இருப்பது நல்லது. நாளைக்கு ரிசல்ட்டில் கோளாறு என்று வந்தால் "கர்ப்பத்தில் நீ எதைச் சாப்பிட்டாய்" என்ற விசாரணை தாயின் தலையில்தான் விழும். அந்தப் பயத்தினாலேயே டெஸ்ட்டைத் தவிர்க்க நினைப்பவர்களும் இருக்கிறார்கள்.

எப்போது எடுக்க வேண்டும் என்பதில்தான் நிறையக் கோளாறு நடக்கிறது. குழந்தை வெளியே வந்த அரை மணி நேரத்துக்குள் அதன் டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) அளவு கிடுகிடுவென ஏறி, பிறகு ஓரிரு நாளில் படிப்படியாக இறங்கும். 24 மணி நேரத்துக்குள் எடுத்த ரத்தத்தில் ஆரோக்கியமான குழந்தைக்கும் தைராய்டு கோளாறு இருப்பதுபோல் காட்டலாம். பி.கே.யு. போன்றவற்றில் நேர் எதிர், பால் குடித்துப் புரதம் உள்ளே போகாமல் எடுத்தால் இருக்கும் நோயும் தெரியாமல் போகலாம். அதனால்தான் பல இடங்களில் 48 முதல் 72 மணி நேரம் என்று வைத்திருக்கிறார்கள். சில நாடுகளில் ஐந்தாம் நாள். சுகப்பிரசவம், மறுநாளே டிஸ்சார்ஜ் என்றால், போகும்போது ஒன்று எடுத்துவிட்டு, திரும்ப எடுக்கும் தேதியையும் வாங்கிக்கொண்டு போக வேண்டும். வீட்டுக்குப் போன பிறகு வரச் சொன்னால் பலர் மறந்துவிடுவார்கள், அதனால் எடுக்காமலே அனுப்புவதைவிட இது மேல். குழந்தைக்கு ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தால் நாள் கணக்கே கிடையாது, ஏற்றுவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் ஜி6பிடி (சிவப்பணுக்களைக் காக்கும் என்சைமின் குறைவு), கேலக்டோசீமியா (பாலில் உள்ள ஒரு சர்க்கரையை உடைக்க முடியாத நோய்) போன்ற டெஸ்ட்டில் லேப் பார்ப்பது ரத்தம் கொடுத்தவரின் என்சைமைத்தான்.

குத்தும் இடம் குதிகாலின் பக்கவாட்டுச் சதை. நடுப்பகுதியிலோ பின்வளைவிலோ குத்தக் கூடாது, அங்கே எலும்பு தோலுக்கு மிக அருகில் இருக்கிறது. வெதுவெதுப்பான துணியை மூன்று முதல் ஐந்து நிமிடம் குதிகாலில் வைத்தால் ரத்த ஓட்டம் கூடும். ஸ்பிரிட்டால் துடைத்தபின் நன்றாகக் காய வேண்டும். ஈரத்தோடு குத்தினால் ரத்தம் நீர்த்துப்போகும், எரிச்சலும் அதிகம். குத்தும் சிறு ஊசியான லான்செட் 2 மில்லிமீட்டருக்கு மேல் இறங்கத் தேவையில்லை. முதல் சொட்டைத் துடைத்துவிட்டு, அடுத்து திரளும் பெரிய சொட்டை வடிதாள் அட்டையில் அச்சிட்ட வட்டத்தின் நடுவில் தொட்டுவைத்தால், தானாகவே உறிஞ்சிப் பின்பக்கம் வரை நனைய வேண்டும். 1960களின் தொடக்கத்தில் ராபர்ட் கத்ரி தொடங்கிவைத்த இந்தத் தாள் முறை இன்னும் பெரிதாக மாறவில்லை. லேபில் இருக்கும் கருவிகள்தான் மாறிவிட்டன.

வட்டம் நிறையவில்லையே என்று அதே இடத்தில் இரண்டாவது சொட்டு வைப்பதும், காலைப் பிழிவதும்தான் அடிக்கடி நடக்கும் தவறுகள். பிழிந்தால் திசுநீர் கலந்துவிடும். மேலே மேலே வைத்தால் ரத்தம் ஒரே சீராக இருக்காது. லேபில் அந்த வட்டத்திலிருந்து சுமார் 3 மில்லிமீட்டர் துண்டை வெட்டித்தான் அளக்கிறார்கள் என்பதால் இந்தச் சின்ன வித்தியாசமே ரிசல்ட்டை மாற்றிவிடும். அட்டையைக் கிடையாக வைத்து மூன்று நான்கு மணி நேரம் அறை வெப்பநிலையில் காயவைத்து, ஒரு நாளுக்குள் அனுப்ப வேண்டும். வெயிலில் வைப்பது, ஈரமாகவே உறையில் போடுவது, வார இறுதி முடியட்டும் என்று சேர்த்துவைப்பது எல்லாம் என்சைமைக் கெடுக்கும். "திரும்ப ரத்தம் எடுக்கணும்" என்று போன் வந்தால் நோய் என்று அர்த்தமில்லை. அட்டை கெட்டுப்போயிருக்கலாம். எந்தக் காரணம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், சொல்ல வேண்டியது அவர்கள் கடமை.

வலி பற்றிய பயம் உண்மையானது. அதற்கு வழியும் இருக்கிறது. குத்துவதற்குச் சில நிமிடம் முன்பே பால் கொடுக்க ஆரம்பித்து, முடியும்வரை நிறுத்தாமல் கொடுத்தால் அழுகை நன்றாகவே குறையும். குழந்தையை வேறு அறைக்குக் கொண்டுபோக வேண்டிய அவசியம் பொதுவாக இல்லை. நானே வைத்துக்கொள்கிறேன் என்று தாய் தயங்காமல் சொல்லலாம்.

ஸ்க்ரீனிங்கில் சேர்ந்த மற்ற இரண்டான, காது கேட்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட்டிலும் இதயக் கோளாறைத் தேடும் ஆக்சிஜன் டெஸ்ட்டிலும் ஊசியே கிடையாது. காது டெஸ்ட்டுக்குக் குழந்தை பால் குடித்துத் தூங்கிக்கொண்டிருக்க வேண்டும். முதல் நாளில் காதுக்குள் நீரும் மெழுகுபோன்ற படிவும் இருப்பதால் 'பாஸ் ஆகவில்லை' என்று வருவது சகஜம். அதற்காக மறு டெஸ்ட்டைத் தள்ளிப்போடவும் கூடாது. ஒரு மாதத்துக்குள் ஸ்க்ரீனிங், மூன்று மாதத்துக்குள் நோய் உறுதி, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை என்பதுதான் கணக்கு. ஆக்சிஜன் அளவை 24 மணி நேரத்துக்குப் பிறகு வலது கையிலும் ஒரு காலிலும் பார்ப்பார்கள். இரண்டிலும் 95 சதவீதத்துக்குக் குறையாமல், வித்தியாசம் 3-க்கு மேல் போகாமல் இருந்தால் நல்லது. 90-க்குக் கீழே போனால் காத்திருக்காமல் உடனே மருத்துவர் பார்க்க வேண்டும்.

ரிசல்ட் 'பாசிட்டிவ்' என்று வந்தால் வீடே இடிந்துபோகிறது. ஸ்க்ரீனிங் என்பது சந்தேகப் பட்டியல் மட்டுமே. நோயுள்ள ஒரு குழந்தைகூடத் தவறக்கூடாது என்று எல்லையைத் தாராளமாக வைத்திருப்பதால், நோயில்லாத குழந்தைகளும் அதில் சிக்குவார்கள். குறைமாதக் குழந்தைகளுக்கு அட்ரீனல் (சிறுநீரகத்தின் மேலே உள்ள ஹார்மோன் சுரப்பி) டெஸ்ட்டில் இது மிகச் சாதாரணம். ஆனாலும் உறுதிசெய்யும் டெஸ்ட்டை அடுத்த வாரம் பார்க்கலாம் என்று விடக்கூடாது. அட்ரீனல் கோளாறு உண்மையாக இருந்தால் இரண்டாவது வாரத்திலேயே உப்புச்சத்து இறங்கி உயிருக்கு ஆபத்தாகலாம். தைராய்டு என்றால் இரண்டு வாரத்துக்குள் தைராய்டு ஹார்மோன் மாத்திரையான லெவோதைராக்சின் தொடங்க வேண்டும், ஒரு கிலோ எடைக்குத் தினம் 10 முதல் 15 மைக்ரோகிராம். மாத்திரையைப் பொடித்துச் சில மில்லி தாய்ப்பாலில் கரைத்து உடனே ஊட்ட வேண்டும். பாட்டில் பாலில் கலந்தால் மிச்சம் வைக்கும் பாலோடு மருந்தும் போய்விடும். இரும்புச்சத்து, கால்சியம் மருந்துகளோடு சேர்த்துக் கொடுக்கக் கூடாது.

போன் வரவில்லை என்றால் எல்லாம் சரி என்று இருந்துவிடுவது இன்னொரு பழக்கம். அட்டையில் எழுதிய நம்பர் ஒரு இலக்கம் தப்பாக இருந்தாலும் போன் வராது. பிரசவத்துக்குப் பிறகு அம்மா வீட்டுக்குப் போகிறவர் அங்கே எடுக்கும் நம்பரையும் சேர்த்து எழுதச் சொல்ல வேண்டும். அட்டையின் எண்ணை போனில் படமெடுத்து வைத்துக்கொண்டு, எந்தத் தேதிக்குள் ரிசல்ட் வரும், எந்தெந்த நோய்களைப் பார்க்கிறார்கள், மிச்சமிருக்கும் அட்டையை என்ன செய்வார்கள் என்று டிஸ்சார்ஜ் ஆவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளலாம். ரிசல்ட் நார்மல் என்று கையில் வந்த பிறகும், குழந்தை பால் குடிக்க மறுத்துத் துவண்டு கிடந்தாலோ, மஞ்சள் காமாலை இரண்டு வாரத்தைத் தாண்டினாலோ, "ஸ்க்ரீனிங் பண்ணியாச்சு" என்ற பதிலோடு திரும்பி வராமல் மறுபடி ரத்தம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.