ஒலிவ மலை இறக்கத்தில்

ஒலிவ மலையின் மேலே இருக்கும் பாத்தர் நோஸ்டர் ஆலயத்திலிருந்து சிலுவைக்கு முந்தின இரவு இயேசு ஜெபித்த அடிவாரத்துக் கெத்செமனே தோட்டம் வரை நடந்தால் ஒரு கிலோமீட்டர்கூட வராது. ஆனால் சரியான இறக்கம். எங்கள் குழுவில் முழங்கால் வலி உள்ளவர்கள் சுவரைப் பிடித்துப் பிடித்துத்தான் இறங்கினார்கள். எருசலேம் யாத்திரையில் பார்த்த இடங்கள் நிறைய, அதையெல்லாம் வரிசையாகச் சொல்லப்போவதில்லை, இந்த ஒரு இறக்கத்தைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று இருந்தேன், ஏனென்றால் ஜெபத்தைப் பற்றி வெகுநாளாக எனக்குள் ஓடிக்கொண்டிருந்த ஒரு கேள்விக்கும் இந்தப் பாதைக்கும் சம்பந்தம் இருக்கிறது.

கேள்வி இதுதான். எங்களோடு பேச்சை முறித்துக்கொண்டு போன என் அண்ணனுக்காக நான் வருஷக்கணக்காக ஜெபிக்கிறேன். கிட்டத்தட்ட அதே வார்த்தைகள். சொல்ல ஆரம்பிக்கும்போதே முடிவு எனக்கு மனப்பாடம். மத்தேயு 6-ஆம் அதிகாரத்தில் இயேசு, ஜெபம் பண்ணும்போது "வீண்வார்த்தைகளை அலப்பாதேயுங்கள்" என்கிறார். அப்படியானால் நான் செய்துகொண்டிருப்பது ஜெபமா, அலப்பலா?

இதைக் கேட்க எருசலேம் வரை போக வேண்டுமா என்று நீங்கள் நினைக்கலாம். நியாயம்தான். சமாரியப் பெண்ணிடம் கிணற்றடியில் பேசும்போது, அவள் ஊர் மலை, எருசலேம் என்ற கணக்கெல்லாம் இல்லாமல் எங்கும் பிதாவைத் தொழும் காலம் வருகிறது என்று இயேசுவே சொல்லிவிட்டார் (யோவான் 4). அதனால் புனித பூமியில் செய்த ஜெபத்துக்குக் கூடுதல் பலன் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் அவர் ஜெபித்த இடங்களை நேரில் பார்த்தால் சுவிசேஷத்தில் அவசரமாகத் தாண்டிப் போன வரிகள் நின்று பேசும், அதற்காகப் போகலாம்.

உதாரணத்துக்கு, எருசலேமுக்கு வருவதற்கு முன்னால் கலிலேயாவில் கப்பர்நகூம் போயிருந்தோம். பேதுருவின் வீடு என்று பழங்காலம் முதல் மதிக்கப்படும் இடிபாட்டின் மேல் 1990-இல் ஒரு நவீன ஆலயம் கட்டியிருக்கிறார்கள், நடுவில் கண்ணாடித் தளம், குனிந்தால் கீழே பழைய சுவர்கள் தெரியும். அந்த ஊரின் வீடுகளெல்லாம் கறுப்புக் கல்லில், சின்னச் சின்ன அறைகளாக, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. ஒரு வீட்டில் தும்மினால் நாலு வீட்டுக்குக் கேட்கும். மாற்கு 1:35-இல் இயேசு அதிகாலை இருட்டோடே எழுந்து வனாந்தரமான ஓரிடத்துக்குப் போய் ஜெபித்தார் என்று வருகிறதே, அதை நான் எப்போதும் ஏதோ ஒழுக்கப் பாடமாக, சீக்கிரம் எழுந்திரு என்ற அர்த்தத்தில் கேட்டு வளர்ந்தவன். அங்கே நின்றபோதுதான் வேறொன்று புரிந்தது. முந்தின சாயங்காலம் பட்டணம் முழுவதும் அந்த வீட்டு வாசலில் கூடியிருந்தது. அந்த நெருக்கடியில் பிதாவோடு தனியாக இருக்க வேறு நேரமும் கிடையாது, இடமும் கிடையாது. அப்படியும் விட்டார்களா? சீமோன் (பேதுருதான்) தேடிப்பிடித்து வந்து "உம்மை எல்லாரும் தேடுகிறார்கள்" என்று நிற்கிறார். ஜெபத்தின் நடுவில் போன் அடிக்கும்போதெல்லாம் இனி எனக்குச் சீமோன் ஞாபகம் வருவார்.

சரி, ஒலிவ மலைக்கு வருவோம்.

பாத்தர் நோஸ்டர் ஆலயம், கர்த்தருடைய ஜெபத்தை இயேசு சீஷர்களுக்குக் கற்றுக்கொடுத்த இடம் என்று பாரம்பரியம் சொல்லும் ஒரு குகையின் மேல் இருக்கிறது. மத்தேயுவின்படி அந்த ஜெபம் மலைப்பிரசங்கத்தில், அதாவது கலிலேயாவில் வருகிறது. லூக்கா 11-இல் சீஷர்களில் ஒருவர் "ஆண்டவரே, எங்களுக்கும் ஜெபம்பண்ணக் கற்றுக்கொடும்" என்று கேட்டபோது சொன்னதாக வருகிறது, ஊர்ப் பெயர் இல்லை, ஆனால் அதற்குச் சற்று முன்னால்தான் மார்த்தாள் மரியாள் வீட்டுச் சம்பவம், அவர்கள் ஊரான பெத்தானியா இந்த மலையின் அந்தப் பக்கச் சரிவில். கான்ஸ்டன்டைன் மன்னர் காலத்தில் இங்கே பெரிய ஆலயம் எழும்பி, 614-இல் பாரசீகர்களால் இடிக்கப்பட்டது. முதல் உலகப்போர் காலத்தில் மறுபடியும் கட்ட ஆரம்பித்து, பணம் போதாமல் 1927-இல் நிறுத்திவிட்டார்கள், அதனால் இப்போதும் கூரையில்லாமல் பாதிச் சுவரோடு நிற்கிறது. எனக்கு அது பிடித்திருந்தது. கட்டி முடித்த பல ஆலயங்களில் வராத ஒரு ஈர்ப்பு அந்தத் திறந்த வானத்துக்குக் கீழே வந்தது.

சுவரெல்லாம் ஓடுகள் பதித்து, நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளில் அந்த ஒரே ஜெபம். தமிழும் இருக்கிறது. அதைக் கண்டுபிடித்ததும் எங்கள் கூட்டம் போட்ட சத்தத்தில் மற்ற நாட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எல்லாரும் சேர்ந்து சொல்வோம் என்று ஆரம்பித்தோம். எங்கள் குழுவில் கத்தோலிக்கரும் உண்டு, சீர்திருத்த சபைக்காரர்களும் உண்டு. பாதிப்பேர் "பரமண்டலங்களிலிருக்கிற" என்று தொடங்க, மீதிப்பேர் "விண்ணுலகில் இருக்கிற" என்று தொடங்க, ஒருத்தர் வார்த்தை ஒருத்தர் மேல் ஏறி விழ, கடைசியில் கத்தோலிக்கர் தீமையிலிருந்து விடுவித்தருளும் என்று ஆமென் சொல்லி நிறுத்திய பிறகும் நாங்கள் ராஜ்யமும் வல்லமையும் மகிமையும் என்று போய்க்கொண்டிருந்தோம். யாரும் சிரிக்கவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அங்கேதான் எனக்கு ஒன்று தோன்றியது. கற்றுக்கொடும் என்று கேட்டவர்களுக்கு அவர் கொடுத்ததே திரும்பத் திரும்பச் சொல்லக்கூடிய, மனப்பாடமாகிவிடக்கூடிய ஒரு சிறிய ஜெபம்தான். அவர் கண்டித்த அலப்பல், அதிகம் பேசினால்தான் கேட்கப்படும் என்ற நினைப்பு. அந்த வசனத்தையே முழுசாகப் படித்தால் அது தெரியும். பிதாவுக்கு ஏற்கெனவே தெரியும் என்று அடுத்த வரி வருகிறது.

நடுவழியில் தோமினுஸ் ஃபிளெவித் என்ற சிறு ஆலயம். எருசலேமைப் பார்த்து இயேசு அழுததை நினைவுகூரும் இடம், 1955-இல் கண்ணீர்த்துளி வடிவத்தில் கட்டி முடித்தார்கள். பலிபீடத்துக்குப் பின்னால் உள்ள ஜன்னல் வழியே பழைய நகரம் முழுவதும் தெரியும். படம் எடுக்க அவ்வளவு கூட்டம், நான் சீக்கிரமே வெளியே வந்துவிட்டேன்.

கெத்செமனே தோட்டத்தை வேலி போட்டுக் காக்கிறார்கள், பிரான்சிஸ்கன் துறவிகளின் பொறுப்பில் இருக்கிறது. உள்ளே மிகப் பழமையான எட்டு ஒலிவ மரங்கள், முறுக்கிப் பிழிந்த மாதிரி அடிமரத்தோடு. இயேசு ஜெபித்த அதே மரங்கள் என்று சொல்லிக் கொடுப்பார்கள், அப்படியே நம்பிவிடாதீர்கள். 2012-இல் வெளியான இத்தாலிய ஆய்வில், சோதிக்க முடிந்த மூன்று மரங்களின் அடிமரம் சுமார் 900 வருஷப் பழமை என்று வந்தது. மற்றவை உள்ளே பொந்தாகிப்போனதால் வயது பார்க்க முடியவில்லை. எட்டும் ஒரே மரபணு கொண்டவை, அதாவது ஒரே தாய்மரத்தின் கிளைகளை நட்டு வளர்த்திருக்க வேண்டும். கி.பி. 70-இல் எருசலேமை முற்றுகையிட்ட ரோமர்கள் சுற்றுவட்டார மரங்களையெல்லாம் வெட்டியதாக அக்கால யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் எழுதிவைத்திருக்கிறார். இதைக் கேட்டு எங்களில் சிலருக்கு முகம் வாடியது. எனக்கு ஏமாற்றமாக இல்லை. அந்த மரத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று யாரோ கிளை வெட்டி நட்டிருக்கிறார்களே.

தோட்டத்தை ஒட்டியதுதான் சர்வ தேசத்தாரின் ஆலயம். இத்தாலியக் கட்டடக்கலைஞர் அந்தோனியோ பார்லூச்சி வடிவமைத்து 1924-இல் முடிந்தது, பல நாடுகளின் காணிக்கையில் எழும்பியதால் அந்தப் பெயர். வெளியே கண் கூசும் வெயில், உள்ளே கால் வைத்தால் ஒன்றும் தெரியவில்லை. ஜன்னல்களுக்கு ஊதா நிறத்தில் கொடுத்து, எப்போதும் இரவு போலவே வைத்திருக்கிறார்கள். கூரையில் நட்சத்திரங்கள். பலிபீடத்துக்கு முன்னால் தரையோடு தரையாக ஒரு வெறும் பாறை, சுற்றிலும் முள்முடி மாதிரி இரும்பு வேலைப்பாடு. இயேசு விழுந்து ஜெபித்த பாறை என்று வணங்கப்படுவது அது.

எங்களுக்குக் கொடுத்தது இருபது நிமிஷம். "ஒரு மணி நேரமாவது என்னோடேகூட விழித்திருக்கக்கூடாதா" என்று இயேசு சீஷர்களிடம் கேட்ட இடத்தில், சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது, இருபது நிமிஷத்தில் பஸ்ஸுக்கு வாருங்கள் என்கிறார் எங்கள் கைடு! கோபம் வந்தது. பக்கத்தில் நின்ற பெரியம்மா ஒருவர் (குழுவில் எல்லாருக்குமே அவர் பெரியம்மாதான்) அதெல்லாம் கண்டுகொள்ளவில்லை. பையிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்தார், பக்கம் பக்கமாகப் பெயர்கள்.

"பெரியம்மா, இவ்வளவு பேருக்கும் இப்போ ஜெபிக்க முடியுமா?" என்றேன்.

"பேரை மட்டும் வாசிக்கப்போறேன் தம்பி. காரியம் என்னன்னு அவருக்குத் தெரியாதா?"

அப்படியே மண்டியிட்டு, விரலை ஓட்டி ஓட்டி, மெதுவாக வாசித்தார். சில பெயர்கள் திரும்பவும் வந்தன. தெரிந்தே எழுதியிருப்பார் என்று நினைக்கிறேன்.

நான் மத்தேயு 26-ஐத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இந்தப் பாத்திரம் (வரப்போகிற பாடுகளைத்தான் அப்படிச் சொல்கிறார்) நீங்கட்டும், ஆனாலும் உம்முடைய சித்தம். முதல் முறை ஜெபித்துவிட்டு வந்து பார்க்கிறார், சீஷர்கள் தூங்குகிறார்கள். இரண்டாம் முறையும் அப்படியே. 44-ஆம் வசனத்தில் "மூன்றாந்தரமும் அந்த வார்த்தைகளையே சொல்லி ஜெபம்பண்ணினார்" என்று இருக்கிறது. எத்தனையோ முறை படித்த அதிகாரம். பிதாவை அவ்வளவு நெருக்கமாக அறிந்தவருக்கே அந்த இரவில் புது வார்த்தை வரவில்லை. வரவழைக்க அவர் முயற்சி பண்ணியதாகவும் இல்லை. எனக்கு அழுகை வந்தது, அண்ணன் பெயரைச் சொன்னேன், அதே வார்த்தைகளில்தான்.

பஸ்ஸில் ஏறியதும் எங்களோடு வந்த போதகரிடம் இதைச் சொன்னேன். அவர் எபிரெயர் 5:7-ஐக் காட்டினார், பலத்த சத்தத்தோடும் கண்ணீரோடும் இயேசு செய்த விண்ணப்பம் கேட்கப்பட்டது என்று அங்கே எழுதியிருக்கிறது. எனக்கு உடனே ஒரு சந்தேகம். பாத்திரம் நீங்கவில்லையே, மறுநாள் சிலுவைதானே, பிறகு எப்படிக் கேட்கப்பட்டது என்கிறார்கள்? போதகர் அவசரப்பட்டுப் பதில் சொல்லாததற்காகவே அவர் மேல் மரியாதை கூடியது. உயிர்த்தெழுதலைத்தான் சொல்கிறது என்று சிலர் விளக்குவார்கள், லூக்காவில் ஒரு தூதன் வந்து பலப்படுத்தினானே அதுதான் பதில் என்று சிலர் சொல்வார்கள் என்றார். நான் இரண்டாவது பக்கம் சாய்கிறேன். இயேசுவுக்கு எழுந்து நடக்கும் அளவுக்குப் பலம் வந்தது, "எழுந்திருங்கள், போவோம்" என்று சொல்ல முடிந்தது. அந்த வாக்கியத்தைத் தூங்கி எழுந்தவர்களிடம் அவர் சொல்லும்போது குரலில் நடுக்கம் இருப்பதாக எனக்குப் படவில்லை.

அண்ணன் இன்னும் பேசவில்லை. யாத்திரை போய்வந்தாயே, என்ன கிடைத்தது என்று கேட்பவர்களிடம் இதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், சாட்சி என்றால் நல்ல முடிவு இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு நம் சபைகளில் கொஞ்சம் அதிகம்.

போக நினைப்பவர்களுக்கு ஒன்று. பயணத் திட்டம் போடும்போதே கெத்செமனேயில் முழுசாக ஒரு மணி நேரம் வேண்டும் என்று பேசி எழுதி வாங்கிவிடுங்கள். முடிந்தால் காலையில் திறந்ததுமே போங்கள், மதியம் மூடியிருக்கக்கூடும். மலை மேலிருந்து நடந்தே இறங்குங்கள், பஸ் கீழே வந்து காத்திருக்கும். ரப்பர் அடி உள்ள செருப்பு அவசியம், அந்தக் கற்கள் நன்றாக வழுக்குகின்றன. பெயர்கள் எழுதிய நோட்டு இருந்தால் மறக்காமல் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், பெட்டியில் வைத்தால் அது ஓட்டலிலேயே இருந்துவிடும்.