மாத்திரைப் பட்டியலோடு இயற்கை மருத்துவரிடம்

இயற்கை மருத்துவரைப் பார்க்கப் போகிறேன் என்று சொன்னதுமே சுற்றியிருப்பவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். "இப்பவாவது அந்த மாத்திரைகளைத் தூக்கிப் போடு" என்றது ஒரு கட்சி. "நரம்பியல் டாக்டரிடம் காட்டிக்கொண்டிருக்கும்போது இது எதற்கு?" என்றது இன்னொன்று. எனக்கு இரண்டிலுமே உடன்பாடில்லை. பல வருடங்களாக ஒற்றைத் தலைவலியோடு வாழ்கிறேன். வராமல் தடுக்க ப்ரோப்ரனலால், வந்துவிட்டால் அடக்க ட்ரிப்டான் வகை மாத்திரை. இரண்டும் உதவுகின்றன, ஆனால் முழுவதுமாக இல்லை. தூக்கம், சாப்பாடு, வேலை நேரம், மாதவிடாய் என்று தலைவலியைச் சுற்றியிருக்கும் எல்லாவற்றையும் ஒருவர் நிதானமாக உட்கார்ந்து கேட்கமாட்டாரா என்ற ஏக்கம்தான் என்னை அங்கே போக வைத்தது. முதல்முறை போக நினைப்பவர்களுக்கு உதவும் என்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

யாரைப் பார்ப்பது என்பதில்தான் அதிக நேரம் செலவானது. 'இயற்கை மருத்துவர்' என்ற பலகைக்குப் பின்னால் இருக்கும் படிப்பு இடத்துக்கு இடம் மாறுகிறது. இந்தியாவில் பி.என்.ஒய்.எஸ். (இயற்கை மருத்துவம், யோக அறிவியல் இளநிலை) என்பது ஒரு வருடப் பயிற்சியையும் சேர்த்து ஐந்தரை வருடப் பட்டப்படிப்பு. உடற்கூறியல், உடலியங்கியல், நோய்க்குறியியல் எல்லாம் படித்தாக வேண்டும். அமெரிக்காவிலும் கனடாவிலும் நான்கு வருடத் தொழிற்படிப்பு இருக்கிறது, ஆனால் எல்லா மாநிலங்களும் அதற்கு உரிமம் தருவதில்லை. ஜெர்மனியில் ஹைல்பிராக்டிகர் எனப்படும் மாற்று மருத்துவர்கள் 1939-ல் வந்த ஒரு சட்டத்தின் கீழ், சுகாதார அலுவலகம் நடத்தும் தேர்வில் தேறி அனுமதி வாங்குகிறார்கள். இந்த மாதிரி எந்தக் கட்டுப்பாடும் இல்லாத இடத்தில், குறுகிய காலப் பயிற்சி முடித்த ஒருவரும் அதே பலகையை மாட்டிக்கொள்ள முடியும். அதனால் பலகையைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம்.

தொலைபேசியிலேயே கேட்டுவிட்டேன்: என்ன படித்தவர், எங்கே பதிவு செய்திருக்கிறார், ஏற்கெனவே மருந்து சாப்பிடுபவர்களை எப்படிப் பார்ப்பார். ஓரிடத்தில், "கருவிழியைப் பார்த்தாலே எந்த உறுப்பில் என்ன கோளாறு என்று சொல்லிவிடுவோம், மருந்து விவரமெல்லாம் தேவைப்படாது" என்றார்கள். கருவிழியைப் பார்த்து நோய் சொல்வதை 1979-லேயே ஓர் ஆய்வில் சோதித்திருக்கிறார்கள். சிறுநீரக நோய் உள்ளவர்கள், இல்லாதவர்கள் இரு தரப்பின் கண் படங்களையும் கலந்து கொடுத்தபோது, யாருக்கு நோய் என்று அந்த நிபுணர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. நன்றி சொல்லி வைத்துவிட்டேன். வேறோர் இடத்தில் போனை எடுத்தவர், "சாப்பிடுகிற மருந்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு வாங்க, கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனை முடிவும் கொண்டுவாங்க" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அங்கே நேரம் வாங்கினேன்.

போவதற்கு முன்பே நிரப்ப ஒரு படிவம் அனுப்பினார்கள். நீளமான படிவம். எத்தனை மணிக்குப் படுக்கிறேன், நடுவில் விழிப்பு வருகிறதா, மலம் எப்படிப் போகிறது, எவ்வளவு தண்ணீர் குடிக்கிறேன், மாதவிடாய் தேதிகள், வீட்டில் யாருக்கெல்லாம் தலைவலி என்று போய்க்கொண்டே இருந்தது. அவசரத்தில் நிரப்பாதீர்கள். மருத்துவர் பிறகு கேட்ட கேள்விகளில் பெரும்பாலானவை அதிலிருந்தே வந்தன. நான் எழுதிவந்த தலைவலிக் குறிப்பையும் சேர்த்து எடுத்துக்கொண்டேன்: எந்த நாள் வந்தது, எத்தனை மணி நேரம் இருந்தது, என்ன மாத்திரை போட்டேன். மருந்துப் பட்டியலில் டாக்டர் எழுதிக் கொடுத்தவை மட்டும் போதாது. கடையில் நாமே வாங்கும் வலி மாத்திரை, முடி உதிராமல் இருக்கச் சாப்பிடும் வைட்டமின், தூக்கத்துக்கு என்று யாரோ சொன்ன மூலிகை, எல்லாம் அதில் இருக்க வேண்டும். டப்பாக்களையே பையில் போட்டுக்கொண்டு போனால் இன்னும் நல்லது, அளவு அதிலேயே அச்சடித்திருக்கும்.

மருத்துவர் முதலில் கேட்டவை எனக்கு நிம்மதி தந்தன. தலைவலி திடீரென்று, சில நொடிகளில் உச்சத்துக்குப் போகிற மாதிரி எப்போதாவது வந்ததா? காய்ச்சலும் கழுத்து விறைப்பும் சேர்ந்து வந்ததா? கை கால் பலவீனம், பேச்சுக் குளறல், பார்வை இழப்பு? தலையில் அடிபட்டதா? "இதில் எது இருந்தாலும் என்னிடம் வரக்கூடாது, நேராக அவசர சிகிச்சைக்குப் போகவேண்டும். இப்போது இல்லாவிட்டாலும் இனிமேல் வந்தாலும் அப்படித்தான்" என்றார். தன் எல்லை எங்கே முடிகிறது என்பதை அவராகவே முதலில் சொன்னதும் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

அதற்கப்புறம் பேச்சு ஒரு மணி நேரத்துக்கு மேல் போனது. யாரும் அதுவரை என்னிடம் கேட்காத ஒன்றைக் கேட்டார்: "வலி வருவதற்கு முந்தின நாள் உங்களுக்கு என்ன ஆகிறது?" யோசித்துப் பார்த்தேன். அடிக்கடி கொட்டாவி வரும். கழுத்து இறுகும். இனிப்பு சாப்பிட்டே ஆகவேண்டும் போலிருக்கும். இனிப்பு சாப்பிடுவதால்தான் வலி வருகிறது என்று பலரும் சொல்லிக் கேட்டிருந்தேன். அவர் அதைத் திருப்பிப் போட்டார். ஒற்றைத் தலைவலி வலியோடு தொடங்குவதில்லை, பல மணி நேரம், சிலருக்கு ஒரு நாளுக்கும் மேல் முன்னதாகவே மூளையில் தொடங்கிவிடுகிறது. கொட்டாவி, கழுத்து இறுக்கம், இனிப்பு ஆசை எல்லாம் அந்த முன்கட்டத்தின் அறிகுறிகளாக இருக்கலாம் என்றார். 'இதைச் சாப்பிடாதே, அதைச் சாப்பிடாதே' என்று ஒரு நீண்ட பட்டியலை எதிர்பார்த்துப் போன எனக்கு அவர் எந்த உணவையும் தடை செய்யவில்லை. நேரத்தை மட்டும் தவறவிடாதீர்கள் என்றார்.

உண்ணாநோன்பு பற்றி நானே கேட்டேன். இயற்கை மருத்துவம் என்றாலே பலருக்கும் முதலில் நினைவு வருவது அதுதானே. "உங்களுக்கு வேண்டாம். ஒரு வேளைச் சாப்பாடு தவறினாலே ஒற்றைத் தலைவலி தூண்டப்படுகிறவர்கள் நிறைய. உங்கள் குறிப்பிலேயே அது தெரிகிறது" என்றார். நீராவிக் குளியலையும் அதே மாதிரி தள்ளிவைத்தார். வெப்பமும் நீர் வற்றுவதும் ஒருபக்கம், ப்ரோப்ரனலால் ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் மருந்து என்பது இன்னொரு பக்கம். காபியை ஒரேயடியாக விட்டுவிடலாமா என்றதற்கும் சம்மதிக்கவில்லை. தினமும் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் அதற்கென்றே ஒரு தலைவலி தொடங்கும், ஒரு வாரம்கூட நீடிக்கலாம். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, தினமும் ஒரே அளவில், ஒரே நேரத்தில் குடிக்கச் சொன்னார். அந்த மருத்துவத்தின் வழக்கமான ஆயுதங்களில் எது எனக்கு ஆகாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நல்ல மருத்துவரை அடையாளம் காண இதைவிட எனக்கு வேறெதுவும் தேவைப்படவில்லை.

இனி மாத்திரைப் பட்டியலுக்கு வருகிறேன். ஒவ்வொரு டப்பாவாக எடுத்துப் பார்த்தார். ப்ரோப்ரனலாலைக் காட்டி, "இதை எக்காரணம் கொண்டும் நீங்களாக நிறுத்தக்கூடாது. திடீரென்று நிறுத்தினால் இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் எகிறும். குறைப்பதோ மாற்றுவதோ எழுதிக் கொடுத்தவரின் வேலை" என்றார். முடிக்கான வைட்டமினில் பயோட்டின் இருந்தது. பயோட்டின் அதிக அளவில் இருந்தால் தைராய்டு ரத்தப் பரிசோதனை முடிவைத் தவறாகக் காட்டும், அடுத்த பரிசோதனைக்குச் சில நாள் முன்பே நிறுத்திவிட்டு, பரிசோதனைக்கூடத்திலும் சொல்லிவிடுங்கள் என்றார். மன அழுத்தத்துக்கு என்று விற்கப்படும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் மூலிகையை எடுக்கிறேனா என்று இரண்டு முறை கேட்டார். அது கருத்தடை மாத்திரை உட்படப் பல மருந்துகளின் வேலையைக் குறைத்துவிடும், ட்ரிப்டானோடு சேர்ந்தாலும் ஆபத்து வரலாம். நான் எடுக்கவில்லை. ஆனால் அதை எடுக்கிற எத்தனை பேர் டாக்டரிடம் சொல்கிறார்கள்?

பிறகு குறிப்பிலிருந்த மாத்திரை நாட்களை எண்ணினார். ட்ரிப்டானை மாதத்தில் 10 நாள் அல்லது அதற்கு மேல், பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென் போன்றவற்றை 15 நாள் அல்லது அதற்கு மேல் என்று மாதக்கணக்கில் போட்டுவந்தால், அந்த மாத்திரைகளே தலைவலியை நிலைக்க வைத்துவிடும். நான் எல்லைக்கு உள்ளேதான் இருந்தேன், ஆனால் அதற்கு மிகவும் அருகில். நரம்பியல் மருத்துவரிடம் இந்த எண்ணிக்கையைக் கட்டாயம் காட்டுங்கள் என்று தானே ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தார்.

அவர் தந்த திட்டம் சின்னது. சாப்பாடும் தூக்கமும் விடுமுறை நாளிலும் ஒரே நேரத்தில். சுடுநீர்ப் பாதக் குளியல். சத்து மாத்திரையில் மெக்னீசியம், அப்புறம் ரைபோஃப்ளேவின், அதாவது வைட்டமின் பி2. இரண்டையும் ஒரே நாளில் தொடங்கவில்லை. முதலில் ஒன்று, சில வாரம் கழித்து மற்றது, அப்போதுதான் எது உதவியது, எது ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரியும் என்றார். இந்த இரண்டுக்கும் ஓரளவு ஆதாரம் இருக்கிறது. அமெரிக்க நரம்பியல் கழகம் 2012-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இவை 'பயன் தரக்கூடும்' என்ற வரிசையில் இடம்பெற்றன. அதே வழிகாட்டுதலில் பட்டர்பர் என்ற மூலிகை இன்னும் மேலே இருந்தது. ஆனால் கல்லீரலுக்குக் கேடு வரும் என்ற கவலையால் 2015-ல் அந்த வழிகாட்டுதலையே திரும்பப் பெற்றார்கள். நான் பட்டர்பர் பற்றிக் கேட்டபோது அவர் யோசிக்கவே இல்லை: "வேண்டாம். செடியிலிருந்து வந்தது என்பதற்காக அது கல்லீரலை விட்டுவைத்துவிடாது."

நான் கேட்ட கேள்விகளில் எனக்கு மிகவும் பயன்பட்டது இது: "இது வேலை செய்யவில்லை என்று எப்போது முடிவு செய்வோம்?" ரைபோஃப்ளேவினுக்கு ஆய்வுகளில் வந்த அளவு தினம் 400 மில்லிகிராம், பலன் தெரிய மூன்று மாதம் ஆகலாம், அதற்குள் வலி நாட்கள் குறையவில்லை என்றால் நிறுத்திவிடுவோம் என்று பதில் வந்தது. காலவரை இல்லாமல் 'சாப்பிட்டுக்கொண்டே இருங்கள்' என்று சொல்கிறவரிடம் நான் திரும்பிப் போகமாட்டேன்.

சிகிச்சை அறையில் அன்றே பாதக் குளியல் கொடுத்தார்கள். முன்னதாக ரத்த அழுத்தமும் நாடியும் பார்த்தார்கள். பாதம் மரத்துப்போகிறதா, சர்க்கரை நோய் உண்டா என்றும் கேட்டார்கள். உணர்ச்சி குறைந்த பாதம் சூட்டை அறியாது, வெந்துபோகும். கால்கள் வெந்நீரில், தலையில் குளிர்ந்த ஈரத் துணி. முடிந்ததும் மெதுவாக எழுந்திருக்கச் சொன்னார்கள். தண்ணீரை வைத்து இப்படிச் சிகிச்சை செய்வதைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் பவேரியாவில் வாழ்ந்த செபாஸ்டியன் கினைப் (1821–1897) என்ற பாதிரியார். காந்தியும் ஈரமண் பட்டியைத் தன் உடம்பிலேயே போட்டுப் பார்த்து, இந்த முறைகளில் பெரும் நம்பிக்கை வைத்திருந்தவர். எனக்கு அன்று உடம்பு தளர்ந்து இதமாக இருந்தது. தலைவலியைக் குணமாக்கும் என்று யாரும் சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை.

பிடிக்காத ஒன்றும் இருந்தது. வெளியே வரும்போது வரவேற்பில், மருத்துவர் சொன்னதற்கு மேல் இன்னும் சில சத்து மாத்திரைகளும் ஒரு 'கழிவு நீக்க'த் தொகுப்பும் எடுத்து வைத்திருந்தார்கள். எழுதிக் கொடுக்கிற இடமே விற்கவும் செய்யும்போது இது நடக்கும். கழிவை நீக்கக் கல்லீரலும் சிறுநீரகமும் இருக்கின்றன, அந்தத் தொகுப்பு எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மருத்துவர் எழுதிய இரண்டின் பெயரும் அளவும் மட்டும் தாளில் வாங்கிக்கொண்டு, வெளியே மருந்தகத்தில் வாங்கினேன். யாரும் முகம் சுளிக்கவில்லை. கேட்கத் தயங்காதீர்கள்.

நரம்பியல் மருத்துவர் கடிதத்தைப் படித்தார். என் சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று பழைய பரிசோதனையில் பார்த்துவிட்டு மெக்னீசியத்துக்குச் சரி என்றார், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அது உடம்பில் தங்கிவிடுமாம். தொடங்கிய புதிதில் வயிற்றுப்போக்கு வந்தது, அளவைக் குறைத்ததும் நின்றது. ரைபோஃப்ளேவின் சிறுநீரைப் பளிச்சென்ற மஞ்சளாக்கும், அதைக் கண்டு பயப்பட வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள்.

மூன்று மாதத்தில் வலி நாட்கள் குறைந்தன, பாதியாகவில்லை. குறைந்தது மெக்னீசியத்தாலா, ஒரே நேரத்தில் தூங்கியதாலா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ரைபோஃப்ளேவின் சேர்த்த பிறகு மேற்கொண்டு மாற்றம் தெரியாததால், பேசி வைத்தபடி அதை நிறுத்திவிட்டோம். ட்ரிப்டான் போடும் நாட்கள் இப்போது எல்லையிலிருந்து நன்றாகவே விலகியிருக்கின்றன. மெக்னீசியமும் நேரத்துக்குத் தூக்கமும் தொடர்கின்றன, ப்ரோப்ரனலால் அளவைக் குறைக்கலாமா என்பதை அடுத்த சந்திப்பில் நரம்பியல் மருத்துவர் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.