இரண்டு லீக் தள்ளி: அபாச்சி எல்லைக் குறிப்புகள்

பிப்ரவரி 8

அமெரிக்க-மெக்சிகோ எல்லையில் அபாச்சி என்ற பழங்குடியினரோடு நடந்த போர்களைப் பற்றிப் படிக்க ஆரம்பித்திருக்கிறேன். யார் எங்கே சண்டை போட்டார்கள் என்பது ஏற்கெனவே ஓரளவு தெரியும். இரண்டு அரசுகளும் ஒன்றையொன்று சந்தேகித்துக்கொண்டே எப்படிச் சேர்ந்து வேலை செய்தன என்பதைத்தான் இந்த முறை தேடிப் படிக்கிறேன். படிக்கப் படிக்க இங்கே எழுதுகிறேன்.

1877 ஜூன் 1. கொள்ளையடித்துவிட்டு ரியோ கிராண்டே ஆற்றைத் தாண்டி ஓடுகிறவர்களைத் தேவைப்பட்டால் மெக்சிகோவுக்குள் புகுந்தே பிடிக்கலாம் என்று டெக்சாஸில் இருந்த ஜெனரல் ஆர்டுக்கு வாஷிங்டன் உத்தரவு போடுகிறது. மெக்சிகோவில் போர்ஃபிரியோ தியாஸ் அப்போதுதான் ஆட்சியைப் பிடித்திருந்தார். அமெரிக்கா அவரை இன்னும் அங்கீகரிக்கவில்லை. உன்னை வீட்டுக்காரன் என்றே ஒப்புக்கொள்ள மாட்டேன், ஆனால் உன் வீட்டுக்குள் நுழைவேன் என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? தியாஸ் ஜெனரல் த்ரெவின்யோவைப் படையுடன் எல்லைக்கு அனுப்பினார். அமெரிக்கர்கள் நுழைந்தால் பலத்தால் விரட்டு என்பது கட்டளை.

போர் மூண்டிருக்கலாம், மூளவில்லை. ஆர்டும் த்ரெவின்யோவும் நேரில் பேசிப் பழகினார்கள். 1878 ஏப்ரலில் அங்கீகாரம் வந்தது, 1880 பிப்ரவரியில் அந்த உத்தரவு ரத்தானது. அதே 1880-இல் ஆர்டின் மகள் ராபர்ட்டாவை த்ரெவின்யோ மணந்துகொண்டார். இப்படி ஒரு முடிவை நான் எதிர்பார்க்கவே இல்லை.

பிப்ரவரி 12

இன்று படித்தது மனதைப் பிசைந்தது. 1882 ஏப்ரலில் லோகோ என்ற அபாச்சித் தலைவரின் கூட்டம் சான் கார்லோஸிலிருந்து (அரிசோனாவில் அபாச்சிகளுக்கென அமெரிக்கா ஒதுக்கிய நிலம்) தெற்கே போகிறது. அமெரிக்கக் குதிரைப்படை அனுமதி இல்லாமலே எல்லையைத் தாண்டித் துரத்துகிறது. பின்னால் வருகிறவர்களையே பார்த்துக்கொண்டு போன அந்த மக்கள், முன்னால் காத்திருந்த கர்னல் லொரென்சோ கார்சியாவின் மெக்சிகோப் படையிடம் அலிசோஸ் ஓடையருகே போய் மாட்டினார்கள். செத்தது 78 பேர். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள்.

மறுநாள் அமெரிக்கத் தளபதி ஃபோர்சித் அங்கே வந்து சேர, இதே துரத்தலில் பாதி வேலையைச் செய்து முடித்திருந்த கார்சியா அவரிடம் எழுத்துமூலம் ஆட்சேபம் தெரிவிக்கிறார்: இது எங்கள் மண், வெளியேறுங்கள். ஃபோர்சித்தும் எழுதியே பதில் கொடுத்துவிட்டுத் திரும்பினார். அமெரிக்க மருத்துவர்கள் காயம்பட்ட மெக்சிகோ வீரர்களுக்குக் கட்டுப்போட்டுவிட்டுப் போனார்கள். செத்தவர்களைப் பற்றி இரண்டு தளபதிகளுக்கும் பேச எதுவும் இருக்கவில்லை.

பிப்ரவரி 15

அடுத்த மூன்றே மாதத்தில், 1882 ஜூலை 29 அன்று, வாஷிங்டனில் ஒப்பந்தம் கையெழுத்தானது. அமெரிக்கா சார்பில் வெளியுறவு அமைச்சர் ஃப்ரிலிங்ஹைசன், மெக்சிகோ சார்பில் தூதர் மத்தியாஸ் ரொமேரோ. இரு நாட்டு ராணுவமும் எல்லையைத் தாண்டலாம், நிபந்தனைகளோடு. துரத்தல் சூடாக, அதாவது தடத்தை விடாமல் நெருங்கித் தொடர்வதாக, இருக்க வேண்டும். ஆளில்லாத பாலைப் பகுதியில்தான் தாண்ட வேண்டும். எந்த ஊரிலிருந்தும் முகாமிலிருந்தும் குறைந்தது இரண்டு லீக் தள்ளி (லீக் என்பது பழைய தூர அளவு, சில கிலோமீட்டர்). நுழையும்போதோ, முடிந்தால் அதற்கு முன்போ, பக்கத்தில் உள்ள தளபதிக்கோ ஊர் அதிகாரிக்கோ சொல்லியாக வேண்டும். சண்டை முடிந்தாலோ தடம் தொலைந்தாலோ திரும்பிவிட வேண்டும்.

நல்ல ஒப்பந்தம் என்றுதான் நினைக்கிறேன். 1877-இன் முரட்டு உத்தரவோடு ஒப்பிட்டால் எவ்வளவு மரியாதை! ஆனால் அமெரிக்கப் படையோடு வரப்போகிற அபாச்சி ஸ்கவுட்டுகளை, அதாவது அந்தப் படையில் சேர்ந்து தடம் பார்த்துக் கொடுக்கும் அபாச்சிகளை, மெக்சிகோக்காரர்கள் எப்படி அடையாளம் காண்பார்கள்? நான் வாசித்த ஷரத்துகளில் அதற்குப் பதில் இல்லை.

பிப்ரவரி 22

அமெரிக்க ஜெனரல் க்ரூக்குக்கு அந்தக் கேள்வி தெரிந்திருந்தது. 1883 ஏப்ரலில் ரயிலேறி குவாய்மாஸ், எர்மோசியோ, சிவாவா என்று போய் மெக்சிகோத் தளபதிகளையும் அதிகாரிகளையும் நேரில் பார்த்தார். அப்புறம்தான் மே 1 அன்று எல்லையைத் தாண்டினார். 193 அபாச்சி ஸ்கவுட்டுகள், அவர்களோடு குதிரைப்படை ஐம்பது பேர்கூட இல்லை. ஸ்கவுட்டுகள் தலையில் சிவப்புத் துணி கட்டியிருந்தார்கள். தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு இவர் எந்தப் பக்கம் என்று சொல்ல இருந்தது அந்த ஒரு முழத் துணிதான்.

சியெரா மாத்ரே மலைக்குள் போய் நூற்றுக்கணக்கானவர்களைத் திரும்ப அழைத்துவந்தார். சண்டையைவிடப் பேச்சே அதிகம். எனக்கு க்ரூக்கைப் பிடிக்கக் காரணம் இதுதான்.

மார்ச் 1

1886 ஜனவரி 11. இதைப் பற்றி நிறைய எழுத வேண்டும்.

ஒதுக்கிய நிலத்திலிருந்து மறுபடி தப்பிய அபாச்சித் தலைவர் ஜெரோனிமோவைத் தேடி அமெரிக்கக் கேப்டன் எம்மெட் க்ராஃபோர்டு ஸ்கவுட்டுகளோடு மெக்சிகோவின் சோனோரா மாநிலத்தில் அரோஸ் ஆற்றுப் பக்கம் வெகு ஆழத்தில் இருக்கிறார். முந்தைய நாள்தான் ஜெரோனிமோவின் முகாமைப் பிடித்தார்கள். பேசலாம் என்று ஒரு பெண்மணி மூலம் தூது வந்திருந்தது. விடியற்காலை, மூடுபனி. திடீரென்று முகாம்மீது துப்பாக்கிச் சூடு. சுட்டவர்கள் சிவாவாவிலிருந்து வந்த மெக்சிகோ துணைப்படை. அதில் தராஉமாரா பழங்குடியினர் பலர். தலைவர் மௌரிசியோ கொர்ரெதோர், 1880-இல் அபாச்சித் தலைவர் விக்தோரியோவைச் சுட்டவர் என்று பெயர் பெற்றவர். எதிரியின் தலைத்தோலுக்குப் பரிசுப்பணம் கொடுத்த மாநிலத்து ஆட்கள். அவர்கள் கண்ணில் பட்டவர்கள் அபாச்சிகள். அவ்வளவுதான்.

க்ராஃபோர்டு ஒரு பாறைமீது ஏறி, கைக்குட்டையை வீசி, நாங்கள் அமெரிக்கச் சிப்பாய்கள் என்று ஸ்பானிஷில் கத்தினார். தலையில் குண்டு பாய்ந்தது. நினைவே திரும்பாமல் 18-ஆம் தேதி இறந்தார். பதில் சூட்டில் கொர்ரெதோரும் செத்தார். எதிர் மலையிலிருந்து ஜெரோனிமோவின் ஆட்கள் முழுவதையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்து பொறுப்பேற்ற லெப்டினன்ட் மாஸ் மெக்சிகோப் படையிடம் பேசப் போனார். அவரைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். அவரை விடுவிக்க ஆறு கோவேறு கழுதைகள் கைமாறின. நட்பு நாட்டு ராணுவங்களுக்குள்! ஆனாலும் இது போராக வெடிக்கவில்லை. விஷயம் கடிதங்களாக மாறி அரசுகளுக்கிடையே போய்வந்து அடங்கியது. 1877-இல் இப்படி நடந்திருந்தால் அடங்கியிருக்காது. ஒப்பந்தம் அந்த அளவுக்கு வேலை செய்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அன்று சுடப்பட்ட ஸ்கவுட்டுகளின் பெயரைத் தேடிக்கொண்டே இருந்தேன். க்ராஃபோர்டுக்கு நெப்ராஸ்காவில் அவர் பெயரில் ஓர் ஊரே இருக்கிறது.

மார்ச் 9

க்ரூக் பதவி விலகி, அவர் இடத்துக்கு ஜெனரல் மைல்ஸ் வந்துவிட்டார். நாற்பது பேர்கூடத் தேறாத கூட்டத்தைப் பிடிக்க 5,000 சிப்பாய்கள். கடைசியில் ஜெரோனிமோவைப் பேச்சுக்கு இழுத்தவர்கள் லெப்டினன்ட் கேட்வுட்டும், கய்தா, மார்டீன் என்ற இரண்டு அபாச்சிகளும்தான்.

ஆகஸ்ட் கடைசியில் ஜெரோனிமோவோடு எல்லைக்கு வடக்கே போகும் வழியில், அரிஸ்பே வட்டாரத்து மெக்சிகோ அதிகாரி படையோடு வந்து நிற்கிறார். இரு பக்கமும் சில ஆட்களோடு சந்திப்பு. அதிகாரி கைத்துப்பாக்கியை முன்பக்கம் நகர்த்துகிறார். ஜெரோனிமோ தன்னுடையதைப் பாதி உருவுகிறார், முகம் மாறுகிறது. அதிகாரி கையைப் பின்னால் எடுத்ததும் இவரும் கையை விடுகிறார். ஏன் மெக்சிகோ ஊரான ஃப்ரோன்தெராஸில் சரணடையவில்லை என்று அதிகாரி கேட்டதற்கு, கொல்லப்பட விருப்பமில்லை என்றார் ஜெரோனிமோ. பிறகு ஓர் ஏற்பாடு: சரணடைவதை உறுதி செய்ய ஒரு மெக்சிகோ வீரர் கூடவே வருவார். இத்தனை ஆண்டு ஒத்துழைப்பில் ரத்தமே சிந்தாமல் முடிந்த தருணங்களில் ஒன்று இது.

செப்டம்பர் 4 அன்று அரிசோனாவின் ஸ்கெலிட்டன் கேன்யனில் சரண்.

மார்ச் 14

கோபத்தோடுதான் எழுதுகிறேன். சரணடைந்தவர்களோடு ஸ்கவுட்டுகளையும் ஃப்ளோரிடாவுக்குக் கைதிகளாக அனுப்பினார்கள். மார்டீனையும் கய்தாவையும்கூட! சாட்டோ முன்னாள் எதிரி, பிறகு நம்பிக்கையான ஸ்கவுட். 1886-இல் வாஷிங்டன் போய்ப் பதக்கம் வாங்கினார். திரும்பும் வழியிலேயே தடுத்து வைக்கப்பட்டு ஃப்ளோரிடாவில் உள்ள ஃபோர்ட் மேரியன் கோட்டைக்கு அனுப்பப்பட்டார். 27 ஆண்டு போர்க்கைதி வாழ்க்கை. கூட்டுப் படையெடுப்பை நடத்திக்காட்டியவர்களுக்கு அமெரிக்க அரசு வைத்த கணக்கு இது.

அடுத்து 1896 ஒப்பந்தத்தை எடுக்கிறேன். எல்லை தாண்டும் அனுமதியை மறுபடி எழுதியிருக்கிறார்கள், இந்த முறை அபாச்சி கிட் என்பவரின் சிறு கூட்டத்துக்காக. அவர் முன்பு சான் கார்லோஸில் ஸ்கவுட் சார்ஜென்ட்.